இரட்டைக்கல் அருவி திறக்கப்பட்டது

இரட்டைக்கல் அருவியைப் பொதுமக்களுக்காகத் திறக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் ராஜபாய்க்குச் சிரிப்புதான் வந்தது. அருவிக்கு என்ன கதவா இருக்கிறது, திறப்பதற்கு? மலை உண்டான நாளிலிருந்து திறந்தே கிடக்கிறது. ஆனால் பஞ்சாயத்துத் தலைவர் முத்துநாயகத்துக்கு அப்படிச் சொன்னால் புரியாது. ஒரு ரிப்பனைக் கட்டி, அதை ஒரு பெரிய மனிதர் வெட்டி, வெட்டியவர் பெயரையும் வெட்ட வைத்தவர் பெயரையும் கல்லில் பொறித்தால்தான் ஒரு பொருள் உலகத்தில் இருப்பதாகவே அவர் ஒப்புக்கொள்வார். போன வருஷம் சந்தை முக்கில் வைத்த குப்பைத்தொட்டியைக்கூட மேளத்தோடுதான் திறந்தார்.

அருவி இருப்பது வெட்டுமடை பவர் ஹவுஸை ஒட்டி, குலசேகரத்துக்கு மேலே மலைக்குள். ஆற்றை மேட்டில் ஒரு தடுப்புச் சுவர் கட்டி மறித்து, பெரிய இரும்புக் குழாயில் இறக்கி, மெஷினைச் சுற்றவிட்டுக் கரண்டு எடுக்கிறார்கள். மெஷின் ஓடும்போது தண்ணீரெல்லாம் குழாயோடு போய்விடும். அருவியில் பாறை மட்டும் வெயில் காய்ந்து கொண்டிருக்கும். மெஷின் நின்றால் தடுப்பு நிறைந்து, சற்று நேரத்தில் அருவி கொட்டத் தொடங்கும். மெஷினுக்கு எண்ணெய் பார்க்கவும் ஆட்கள் சோறு தின்னவும் தினமும் மத்தியானம் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். ஊர்ப் பெண்களுக்கு அதுதான் குளிக்கிற நேரம்.

பெரும்பாலும் ராஜபாயைப் போல ரப்பர் வெட்டப் போகிற பெண்கள். விடியுமுன் போய்ப் பட்டையைச் சீவி, பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்து முடிக்கும்போது உச்சி வெயிலாகிவிடும். அதற்குள் உடம்பில் ஏறுகிற ஒட்டுப்பால் நாற்றம் லேசுப்பட்டதல்ல. அந்த நாற்றத்தோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்றே நாகர்கோவில் வரை போவார். ராஜபாயின் தெரு பாறைமேல் இருக்கிறது. கிணறு வெட்டினால் நெருப்புப் பொறிதான் வரும். பஞ்சாயத்துக் குழாயோ பண்டிகைக்கு வரும் சம்பந்தி மாதிரி, வந்த சுவடு தெரியுமுன் போய்விடும். ஆகவே அருவி இல்லையென்றால் குளியல் இல்லை.

பவர் ஹவுஸ் இடத்தில் 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்று ஒரு தகரப் பலகை இருந்தது. பெண்கள் குளித்துவிட்டு ஈரத் துணியை அதன்மேல்தான் காயப்போடுவார்கள். தடை இருந்தவரைக்கும் யாருக்கும் ஒரு தடையும் இருக்கவில்லை. அனுமதி கொடுத்தபிறகுதான் வில்லங்கமே தொடங்கியது. பாதையை மறித்துக் கம்பிவேலி வந்தது. வேலிக்கு ஒரு வாசல் வந்தது. வாசலில் டிக்கெட் கொடுக்கும் கூண்டு வந்தது. சோப்பு, எண்ணெய் கொண்டுபோகக் கூடாது என்று புதுப்பலகை வந்தது. டிக்கெட் குத்தகையை எடுத்தவன் எபின், முத்துநாயகத்தின் மனைவிக்குத் தம்பி. அருவியில் தண்ணீர் விழுவதோ மத்தியானம் கொஞ்ச நேரம். டிக்கெட் வாங்குகிறவன் காய்ந்த பாறையைப் பார்க்கவா வருவான்? அப்போதுதான் ராஜபாய்க்குச் சிரிப்பு நின்றது.

பத்துப் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, அருவியத் திறக்குததோ பூட்டுததோ உங்க இஷ்டம். மத்தியானம் வெள்ளம் விழும்போ எங்களுக்குக் குளிக்கணும். டிக்கெட்டும் எடுக்க மாட்டோம், சோப்பு போடாமலும் இருக்க மாட்டோம்."

"ராஜபாயி, நான் உங்களுக்கு எதிரியா? நம்ம ஊரை சிங்கப்பூர் ஆக்கணும்னு பாடுபடுகேன்."

"சிங்கப்பூர்ல பொம்பளைக குளிக்கதில்லியா?"

முத்துநாயகம் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். போன கோடையில் இதே பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்து, களியக்காவிளை பஸ்ஸை மணிக்கணக்கில் நிறுத்தியது அவர் நினைவில் வந்திருக்க வேண்டும். குரலைத் தேன் போல ஆக்கிக்கொண்டார்.

"சென்னையில இருந்து வாரியத் தலைவர் வாறாரு. மத்தியான வெள்ளம் உள்ளூர்ப் பெண்களுக்குன்னு அவரு வாயால, மைக்குல சொல்ல வைக்கேன். போதுமா?"

போதும் என்றுதான் பெண்கள் திரும்பினார்கள். காரணம், அந்த ஊரில் மைக்கில் சொன்னதே சொல். சர்ச்சில் ஸ்தோத்திரப் பண்டிகைப் பலாப்பழத்தை மைக்கில் ஏலம் விளித்து ஒருவன் பேருக்கு உறுதி செய்துவிட்டால், மறுநாள் அவன் பெண்டாட்டி வந்து அழுதாலும் பழம் அவனுடையதுதான். கோயில் கொடை விழாவில் மைக்கில் சொன்ன நன்கொடையைக் கொடுக்காமல் யாரும் தெருவில் நடந்ததில்லை. கையெழுத்துப் போட்டதை மாற்றியவர்கள் உண்டு, சத்தியத்தை மீறியவர்கள் உண்டு. மைக்கில் சொன்னதை மீறியவர் இல்லை.

வருகிறவர் எந்த வாரியத்துக்குத் தலைவர் என்பதில் ஊரில் ஒருமித்த கருத்து இல்லை. அதனால் விழா குறையவில்லை. ரோடு முழுக்க ஃபிளக்ஸ் வைத்தார்கள். அதில் முத்துநாயகத்தின் தலைக்குப் பின்னால் ஒரு மாபெரும் அருவி விழுந்தது. எந்த நாட்டு அருவியோ, பக்கத்தில் பனி கிடந்தது. செண்டைமேளம் பேசினார்கள். பந்தல்காரன் மட்டும் ஜெனரேட்டர் வேண்டுமா என்று கேட்டான்.

"பவர் ஹவுஸ் முற்றத்துல விழா. அங்க ஜெனரேட்டர் கொண்டு போறது கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போற மாதிரியில்லாவா? போலே!" என்று முத்துநாயகம் அவனை விரட்டிவிட்டார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்து ஆமோதித்தார்கள்.

சிரித்த ஒருவருக்கும் ஒரு சின்ன விஷயம் தோன்றவில்லை. முந்தின வாரம் அடித்த காற்றில் மரம் விழுந்து குலசேகரத்திலிருந்து வரும் லைன் அறுந்து கிடந்தது. இந்தப் பக்கத்துக்கு அப்போது கரண்டு வந்துகொண்டிருந்தது வெட்டுமடை மெஷினில் இருந்துதான். மெஷின் நிற்கிற மத்தியான நேரம் ஊரில் ஒரு ஃபேன்கூடச் சுற்றவில்லை. தினமும் விசிறிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கே அது ஞாபகம் வரவில்லை. விழா என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்குப் புத்தி பந்தலுக்கு வெளியேதான் நிற்கும்.

திட்டம் இதுதான். வாரியத் தலைவர் பேசுவார். பேசி முடித்ததும் முத்துநாயகம் தன் தோள்துண்டைத் தூக்கிக் காட்டுவார். பவர் ஹவுஸ் வராந்தாவில் நிற்கும் ஆப்பரேட்டர் ஸ்மைலின் அதைப் பார்த்து மெஷினை நிறுத்துவார். உடனே செண்டைமேளம் முழங்கும், அருவி விழும், ரிப்பன் வெட்டு. மறுபடி துண்டைத் தூக்கினால் மெஷினை ஓட்ட வேண்டும். பள்ளத்தில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது, அதனால்தான் இந்தத் துண்டு ஏற்பாடு.

வாரியத் தலைவர் வந்து இறங்கி, மேடையில் உட்கார்ந்து, முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தார். பாறை இருந்தது. பாறைமேல் ஒரு ஓணான் இருந்தது.

"அருவி எங்கே?" என்றார்.

"இப்ப வந்துரும் சார்" என்றார் முத்துநாயகம், அருவி பாத்ரூம் போயிருப்பது போல.

ராஜபாயும் பெண்களும் வேலையை முடித்த கையோடு, லுங்கியும் முழுக்கைச் சட்டையும் தலைக்கட்டுமாக, கையில் சோப்புப்பெட்டியோடு முன்வரிசைக்கு வந்து நின்றார்கள். அவர்களைச் சுற்றி நல்ல இடைவெளி தானாக உண்டானது. மேடையிலும் ஒன்றிரண்டு கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. ராஜபாய் கண்டுகொள்ளவில்லை. அந்த ஒரு வாக்கியம் மைக்கில் வந்துவிட வேண்டும், அது போதும் அவளுக்கு.

வாரியத் தலைவர் பேசினார். தமிழின் தொன்மையைப் பேசினார், தண்ணீரின் தொன்மையைப் பேசினார். தான் சின்ன வயதில் குற்றாலத்தில் வழுக்கி விழுந்ததைப் பேசினார். கடைசியில் ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார்.

"இங்கே கூடியிருக்கும் உள்ளூர்த் தாய்மார்களுக்கு ஒரு நற்செய்தி சொல்லப் போகிறேன். இனிமேல் இந்த அருவியில் மத்தியான நேரம்..."

அந்த நேரம் பார்த்து முத்துநாயகம் துண்டைத் தூக்கி முகத்தைத் துடைத்தார். வேர்த்துத்தான் துடைத்தாரா, வேண்டுமென்றே துடைத்தாரா என்பது கர்த்தருக்கு வெளிச்சம். வராந்தாவில் நின்ற ஸ்மைலின் துண்டைப் பார்த்தார், மெஷினை நிறுத்தினார். மைக் செத்தது, ஃபேன்கள் நின்றன. செண்டைக்காரர்கள் வெளுத்து வாங்கத் தொடங்கினார்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். வாரியத் தலைவர் அதைக் கவனிக்கவில்லை. பேசிப் பழகிய வாய் பேசிக்கொண்டே இருந்தது. விரலை உயர்த்தினார், நெஞ்சில் கை வைத்தார், பெண்களைப் பார்த்துச் சிரித்தார். உதடு அசைந்தது தெரிந்ததே தவிர ஒரு சொல் காதில் விழவில்லை. அதற்குள் பாறையின் உச்சியில் தண்ணீர் எட்டிப் பார்த்து, பின் மொத்தமாக இறங்கியது. எல்லாரும் எழுந்து ஓடினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். வாரியத் தலைவர் ஷூவைக் கழற்றி இரண்டு கால்களையும் நனைத்தார். கேமராக்காரனுக்காக இன்னொரு தடவையும் நனைத்தார்.

பெண்கள் வாசலுக்கு வந்தபோது எபின் வைத்திருந்த காவலாள் கையை நீட்டி மறித்தான்.

"டிக்கெட்."

"மக்கா, இது பொதுமக்களுக்குத் திறந்ததுதானே?" என்றாள் ராஜபாய்.

"ஆமா. பொதுமக்களுக்குத்தான். நீங்க உள்ளூராச்சே."

அந்தப் பக்கமாக வந்த முத்துநாயகத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, அவரு அதைச் சொன்னாரா?"

"சொன்னாரே! நான் பக்கத்துலதானே நின்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அது... நல்ல காரியமாட்டுதான் சொன்னாரு. மேளத்துல சரியா கேக்கல்ல. மைக்குல வரல்லேன்னா நான் என்ன செய்ய?"

ராஜபாய் பெண்கள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, வாங்க" என்று வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். காவலாள் ஒரு ஆள், பெண்கள் ஒரு கூட்டம். போதாததற்கு ஒட்டுப்பால் நாற்றம் வேறு. அவன் இரண்டடி பின்னால் போனான். அவர்கள் அருவிக்கு அடியில் போய் நின்றார்கள். தலைக்கட்டை அவிழ்த்து, சோப்பைத் தேய்த்து, நுரை பொங்க ஆரம்பித்தபோது வாரியத் தலைவரோடு மேடைக்குத் திரும்பிய முத்துநாயகத்துக்கு நன்றியுரை சொல்லும் ஆசை வந்தது. மைக் இல்லாமல் நன்றி சொன்னால் யார் யாருக்கு நன்றி என்று பதிவாகாதே. துண்டைத் தூக்கினார். மெஷின் ஓடியது, மைக் உயிர்பெற்றது. அருவி மெலிந்து நூலாகி, சொட்டாகி, நின்றது.

"இந்த இனிய வேளையிலே..." என்று நன்றியுரை முழங்கியது.

ராஜபாயின் தலையில் அரை சோப்பு நுரையாக நின்றது. கண் எரிந்தது. ஆப்பரேட்டர் ஸ்மைலினின் பெண்டாட்டி ஓமனாவும் மற்றவர்களும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாறையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச அச்சமும் போய்விட்டது. நனைந்த லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து, சொட்டச் சொட்ட மேடையேறி, முத்துநாயகம் எச்சில் விழுங்கிய இடைவெளியில் மைக்கை வாங்கிவிட்டாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நம்ம வாரியத் தலைவர் சார் இப்பம் ஒரு காரியம் சொன்னாரு. மேளச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல்ல. நான் முன்வரிசையில நின்னேன், எனக்குக் கேட்டுது. மத்தியானம் வெள்ளம் விழும்போ அருவி உள்ளூர்ப் பொம்பளைகளுக்கு. டிக்கெட்டும் கிடையாது, சோப்பும் போடலாம். மிச்ச நேரம் பூரா டிக்கெட் எடுத்தவங்களுக்கு. இதான் சார் சொன்னாரு. சாருக்கு நன்றி."

பெண்கள் கைதட்டினார்கள். பின்னால் நின்ற கூட்டமும் சேர்ந்து தட்டியது. வாரியத் தலைவர் உதவியாளரைப் பார்த்தார், உதவியாளர் முத்துநாயகத்தைப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்பது வாரியத் தலைவருக்கு நினைவில்லை, மேடையில் சொன்னதை நினைவில் வைக்கிற வழக்கமும் அவருக்கு இல்லை. ஆனால் கைதட்டல் எங்கிருந்து வந்தாலும் அது தனக்குத்தான் என்பது தெரியும். எழுந்து நின்று கைகூப்பினார். கைதட்டல் இரட்டிப்பானது. எபின் மட்டும் டிக்கெட் கூண்டுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

முத்துநாயகம் மைக்குக்காகக் கையை நீட்டினார். ராஜபாய் உடனே கொடுக்கவில்லை.

"இன்னொரு காரியம். ஸ்மைலின் அண்ணே, மெஷினை நிறுத்தும். உங்க ஓமனாக்கும் தலையில சோப்புதான் இருக்கு."

மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். முத்துநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்பார்ந்த பொதுமக்களே, அந்த அம்மா சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம்..."

துண்டுக்குக் காத்திருக்கலாமா, பெண்டாட்டிக்குப் பதில் சொல்லலாமா என்று ஸ்மைலின் யோசித்ததாகவே தெரியவில்லை. மைக் செத்தது. மைக் செத்தால் முழங்க வேண்டும் என்று செண்டைக்காரர்களுக்குப் பாடமாகிவிட்டிருந்தது. முழங்கினார்கள். முத்துநாயகம் விரலை உயர்த்தினார், நெஞ்சில் கை வைத்தார், வாயைத் திறந்து திறந்து மூடினார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் வருவதற்குள் ராஜபாய் ஓடிப்போய்ப் பாறைக்கடியில் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.