அஞ்சலா இடத்தில் ஆள்

ஞானாம்பிகை டீச்சருக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே அந்தக் கண்ணாடி தேய்ந்துபோகாதது அதிசயம்தான்.

எல்கடுவையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இன்னும் மேலே மூச்சு வாங்க ஏறினால் எங்கள் தோட்டம். எழுபத்தேழு கலவரத்தில் ஓடியவர்களில் திரும்பி வருகிறவர்கள் வந்து, வராதவர்கள் வராமலே போன காலம் அது. பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்த புதிது. அதுவரை ஒரே கூடத்தில் எல்லா வகுப்பும் கத்திக்கொண்டிருக்கும். ஒண்ணாம் வகுப்புக்கென்று தனி அறையும், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சரும் வந்தது அப்போதுதான். நான் அங்கே கூட்டிப் பெருக்கி, பிள்ளைகளுக்கு பிஸ்கட் பங்கிடும் வேலையில் இருந்தேன். அதனால் இது கேள்விப்பட்ட கதையில்லை, கண்ணுகளா. விளக்குமாற்றோடு கதவோரம் நின்று பார்த்தது.

வந்த கையோடு டீச்சர் பெற்றோர் கூட்டம் வைத்தார். வகுப்பு எப்படி நடக்கும், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வேதக்காரர்களும் வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். வந்தார்கள்தான். ஆனால் ஒருவரும் உள்ளே போகவில்லை. ஆம்பிளைகள் ஒரு வரிசை, பொம்பிளைகள் ஒரு வரிசை, முற்றத்தில் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது அப்படித்தானே நிற்போம்? கூப்பிட்டால் அப்படித்தான் நிற்கத் தெரியும் எங்களுக்கு.

"ஏன் வெளியில நிக்கிறியள்? உள்ள வந்து பிள்ளையளின்ர வாங்கில இருங்கோ!"

"சரிங்க டீச்சர்," என்றார்கள் எல்லாரும். ஒருவரும் அசையவில்லை.

நான்தான் முதுகில் கை வைத்துத் தள்ளித் தள்ளி உள்ளே ஏற்றினேன். அந்தச் சின்ன வாங்கில் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் முழங்கால் முகவாய்க்கு வந்துவிட்டது. பழனிமுத்து கங்காணி மட்டும் தன் பேரனுக்காக வந்தவர், உட்காரமாட்டேன் என்று சுவரோரம் நின்றார்.

டீச்சர் சொல்லத் தொடங்கினார். மணி அடிக்க முதல் வர வேணும். கையைக் கழுவிப்போட்டு உள்ளே வர வேணும். அவரவர் இடத்தில்தான் இருக்க வேணும். வெளியே போக வேண்டுமென்றால் கையை உயர்த்திக் கேட்க வேணும். கொழுந்து நிறுக்கிற நேரம் பார்த்து, தம்பியைப் பார்த்துக்கொள்ள வா என்று பிள்ளையை நடுவில் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. பின்னேரம் "இண்டைக்கு என்ன படிச்சாய்" என்று கேட்க வேணும்.

ஒவ்வொன்றுக்கும் "சரிங்க டீச்சர்."

"சரிங்க எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. விளங்காட்டிக் கேளுங்கோ."

"சரிங்க டீச்சர்."

கண்ணாடி கழன்றது. துடைத்து மாட்டிக்கொண்டு, "ஒரு கேள்வியாவது கேளுங்கோவன்," என்றார் கெஞ்சுகிற மாதிரி.

கடைசியில் ஒரு மூலையிலிருந்து குரல் வந்தது. "டீச்சருக்குக் கலியாணம் ஆயிருச்சுங்களா?"

சிரிப்பு அடங்கவே நேரமானது. அந்தச் சிரிப்புக்கு மேலேதான் டீச்சர் கோபத்தோடு கடைசி விதியைச் சொன்னார். "காரணம் அறிவிக்காமல் தொடர்ந்து வராத பிள்ளையின்ர பேரை வெட்டிப்போடுவன். பிறகு என்னிட்ட வந்து அழக் கூடாது."

அவ்வளவுதான். சிரிப்பு செத்துப் போனது.

பேர் வெட்டுறது என்றால் எங்களுக்கு என்னவென்று டீச்சருக்கு எங்கே தெரியும்? வேலையில் பேர் வெட்டினால் லயத்தில் நாங்கள் குடியிருக்கிற காம்பிரா போகும். காம்பிரா போனால் சட்டி பானையை ரோட்டில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கீழ்ப் பிரிவில் அப்படிப் பாதி லயம் காலியாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"ஏங்க டீச்சர்," என்றாள் லூசியா. அவள் மகள் அஞ்சலா அந்த வகுப்பில்தான். "புள்ள பேரை வெட்டுனா, காம்பிராவையும் எடுப்பீங்களா?"

"நான் என்ன துரையே? இது பள்ளிக்கூடம்! பிள்ளைக்குப் படிப்புப் போகும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்று டீச்சர் சொன்னது லூசியாவுக்கு ஆறுதலாக இல்லை. புருஷன் நோபர்ட் கலவரத்தோடு வவுனியா பக்கம் வேலை தேடிப் போனவன். அவனிடமிருந்து சேதி வருவதே அபூர்வம். அவளுக்கு இருந்தது ஒரு மகள். அந்த மகள் தன்னைப் போலக் கூடை கட்டக் கூடாது என்பது அவளுடைய ஒரே வைராக்கியம். கூட்டம் முடிந்து போகும்போது என்னைப் பிடித்து, "பேரை வெட்டிருவாங்களாக்கா? நெசமாவா?" என்று கேட்டாள். "நீ ஒழுங்கா அனுப்பு, ஏன் வெட்டுறாங்க," என்றேன்.

மறுநாள் விடிய முதலே பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நின்றார்கள். பெரட்டு நேரம்தான் தாய்மாருக்குத் தெரிந்த நேரம். டீச்சர் பல் துலக்கிய கையோடு குவாட்டர்ஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ர கடவுளே," என்று மறுபடி சாத்திக்கொண்டார்.

இப்படியே கொஞ்ச நாள் போனது. பிறகு ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன அஞ்சலா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மாத்தளை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஆடாமல் அசையாமல் படுக்க வை என்று அனுப்பிவிட்டார்கள். வேறு தாயாக இருந்தால் பிள்ளையின் காலை நினைத்து அழுவாள். லூசியா காலுக்கும் அழுதாள், பேருக்கும் அழுதாள்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்குச் சுகமில்லையென்றால் அவள் கொழுந்து பறிக்கிற நிரையில் அக்காளோ தங்கச்சியோ அடுத்த வீட்டுக்காரியோ போய் நிற்பாள். கங்காணி பேரைக் கூப்பிட்டால், நிற்கிறவள் "இருக்கேன்" என்பாள். கங்காணிக்கும் தெரியும். நிரை காலியாக இல்லாவிட்டால் சரி, பேர் நிற்கும். லூசியாவுக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

முதலில் அக்காள் மகள் மரிய கொறற்றியை அனுப்பினாள். அவளுக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். டீச்சர் பேர் கூப்பிட்டார்.

"அஞ்சலா!"

"இருக்கேன் டீச்சர்!" என்று எழுந்து நின்றது ஒரு கொக்கு.

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு கிழமையில இவ்வளவு வளந்திட்டியே? என்ன சாப்பிட்டனி?"

வகுப்பே சிரித்தது. பெண்ணுக்கு வெட்கம். புத்தகத்தை அள்ளிக்கொண்டு ஓடியே போனாள். யாரோ குறும்பு செய்கிறார்கள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். நானாவது விசாரித்திருக்கலாம், பிஸ்கட் பெட்டியில் எறும்பு ஏறி, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை லூசியாவே வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி, பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் கை கழுவினாள். நேரே போய் அஞ்சலாவின் இடத்தில் உட்கார்ந்தாள்.

"அஞ்சலா!"

"இருக்கேன் டீச்சர்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"லூசியா. இது என்ன கோலம்?"

லூசியா கையை உயர்த்தினாள். சொன்னபடி கையை உயர்த்திக் கேட்டுத்தானே பேச வேண்டும்.

"சொல்லும்!"

"புள்ளைக்குக் கால் ஒடைஞ்சிருச்சுங்க டீச்சர். எந்திரிக்க நாளாகும். அதுவரைக்கும் அவ எடத்துல நான் இருக்கேங்க. பேரை மட்டும் வெட்டிராதீங்க."

"ஐயோ, மனுசி! சுகமில்லாத பிள்ளையின்ர பேரை ஆர் வெட்டினது? அறிவிக்காட்டித்தான் வெட்டுவன் எண்டு சொன்னனான். இப்ப அறிவிச்சிட்டீர். எழும்பிப் போம்."

"சரிங்க டீச்சர்," என்றாள் லூசியா. எழும்பவில்லை.

"பேர் இருக்கும். நான் சொல்லுறன்."

"சரிங்க டீச்சர்."

"பிறகேன் இருக்கிறீர்?"

லூசியா குனிந்துகொண்டு சொன்னாள். "எங்கக்கா நெஞ்சு நோவுல படுத்தப்ப தோட்டத்து ஆபீசுல இதத்தாங்க சொன்னாங்க. 'போய் சொகமாக்கிட்டு வா, பேரு இருக்கும்'னு. நாங்களும் நம்பி ஆள் அனுப்பல. திரும்பி வந்தா பேரும் இல்ல, காம்பிராவும் இல்ல. இப்ப எங்கூடத்தான் கெடக்குறா. நீங்க நல்லவங்கதான் டீச்சர். அவங்களும் நல்லாத்தான் சொன்னாங்க."

டீச்சருக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அதை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில், "சரி, இருக்கிறதெண்டால் சும்மா இருக்க ஏலாது," என்று ஒரு சிலேட்டை எடுத்து லூசியா முன்னால் டக்கென்று வைத்தார். "எழுதும், அ."

லூசியா எழுதினாள். பக்கத்துப் பொடிசு எட்டிப் பார்த்து, "டீச்சர், அஞ்சலா அம்மாவோட அ படுத்துக் கெடக்கு!" என்றது.

பிஸ்கட் கொடுக்கப் போன எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. "அடியேய், ஒன் கொழுந்து?" என்று காதில் கேட்டேன்.

"என் நெரையில இலட்சுமி நிக்கிறாக்கா."

இலட்சுமி அடுத்த காம்பிராக்காரி. பிள்ளை பெற்று வீட்டில் இருந்தவள். கைக்குழந்தையை யாரிடம் விட்டாள் என்று கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு ஆள் பேர் வரும்.

கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குப் பழனிமுத்து கங்காணி வந்துவிட்டார். மழைக்கோட்டும் தடியுமாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க அவ? லூசியா! வெளிய வாடி!"

"இது வகுப்பு," என்றார் டீச்சர்.

"தெரியுதுங்க. நோயாளிக்குப் பதிலா ஆள் வந்தா நானும் கண்ண மூடிக்குவேன். பள்ளிக்கூடத்துல குந்திக்கிட்டு 'அ' எழுதுறவளுக்கெல்லாம் ஆள் வைக்க ஏலாதுங்க. பெரிய கிளாக்கர் கேட்டா நான் என்னா சொல்றது? இப்ப வந்து கூடையக் கட்டுறாளா, இல்ல அவ பேரை வெட்டச் சொல்லட்டுமா?"

லூசியாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்தது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. எழுந்தால் மகள் பேர் போகும். இருந்தால் தன் பேர் போகும், கூடவே காம்பிராவும். கட்டுப் போட்ட பிள்ளையும் நெஞ்சு நோவுக்காரி அக்காளும் அந்தக் காம்பிராவில்தான் படுத்திருந்தார்கள். அவள் சிலேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"போம், லூசியா," என்றார் டீச்சர்.

"மாட்டேங்க டீச்சர்."

"உமக்கு விசரே? வேலை போகும்!"

"எம் பேரு போனா எங்கயாவது கூலிக்கு நிப்பேங்க. அவ பேரு போனா, அவளும் எங்கூட வந்து நிப்பா."

கங்காணி தடியைத் தரையில் தட்டினார். பிள்ளைகளில் ஒன்று அழ ஆரம்பித்தது. அது அழ, பக்கத்தில் இருந்ததும் அழுதது. டீச்சர் அழுகிறவர்களைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார், லூசியாவைப் பார்த்தார்.

"எல்லாரும் வாயை மூடுங்கோ!" என்று ஒரு சத்தம் போட்டார். கங்காணியும் வாயை மூடிவிட்டார். "பழனிமுத்து, நோயாளி இடத்தில ஆள் நிண்டால் நீங்கள் பேர் வெட்டமாட்டியள். அப்பிடித்தானே?"

"வெட்டமாட்டேங்க. அது வழக்கம்."

"சரி. அஞ்சலா நோயாளி. இண்டையில இருந்து, அந்தப் பிள்ளை எழும்பி நடக்கும் மட்டும், அவளின்ர இடத்தில நான் நிக்கிறன்."

சொன்னதோடு நிற்கவில்லை. பேர்ப் புத்தகத்தை மேசையில் வைத்தார். விடுவிடென்று நடந்து லூசியா பக்கத்தில் போய் நின்று, "அஞ்சலா!" என்று தானே கூப்பிட்டார். "இருக்கிறன்!" என்று தானே சொன்னார். முகத்தில் கொஞ்சமும் சிரிப்பில்லை. கடுகடு என்றுதான் இருந்தது.

லூசியா அண்ணாந்து பார்த்தாள். எத்தனை தடவை "பேர் இருக்கும்" என்று சொல்லியும் எழாதவள், சிலேட்டை வைத்துவிட்டு எழுந்தாள். இடத்தில் ஆள் நின்றுவிட்டதே. அது அவளுக்கு விளங்கிய பேச்சு. பூசைச் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க கங்காணி, இலட்சுமி புள்ளைக்குப் பால் குடுக்கணும்," என்று அவரையே முந்திக்கொண்டு மலையில் இறங்கினாள்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். மற்றப் பிள்ளைகளின் பேரைக் கூப்பிட்டு முடித்துவிட்டு டீச்சர் "அஞ்சலா" என்பார், "இருக்கிறன்" என்பார். புத்தகத்தில் 'சுகயீனம்' என்றுதான் எழுதுவார். பொய் எழுதுகிற ஆள் இல்லை. எழுதும்போது முணுமுணுப்பார். "படிச்சுப் பட்டம் எடுத்து வந்து நான் செய்யிற வேலையைப் பாருங்கோ," என்று என்னிடம் சொல்வார். பின்னேரம் லயத்துக்குப் போய் அஞ்சலாவுக்கு அன்றைய பாடத்தைச் சொல்லிக் கொடுத்ததையும் அதே முணுமுணுப்போடுதான் செய்தார். பிள்ளை நொண்டி நொண்டி வகுப்புக்கு வந்தபோது அவள் பேர் அங்கேதான் இருந்தது.

வந்த முதல் நாள் அவளே "இருக்கேன் டீச்சர்" என்றபோது, டீச்சர், "அப்பாடா, ஒரு வேலை குறைஞ்சுது," என்று நாற்காலியில் சாய்ந்தார்.

குறைந்ததா? மணி அடித்து வெளியே வந்தால், வாசலில் தாய்மார் வரிசையாக நிற்கிறார்கள்.

"என்ன பிரச்சினை இப்ப?"

முன்னால் நின்றவள் தலையைச் சொறிந்தாள். "ஒண்ணுமில்லைங்க டீச்சர். நாளைக்குப் பல்லேபொலயில எங்க சொந்தத்துல ஒரு கலியாணம். புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போறோம். அவன் எடத்துல நீங்க கொஞ்சம் நின்னுக்கிட்டீங்கன்னா..."