வெறும் தண்ணீர்க் கூண்டு

எலியை அடைத்துவைத்த குழாயின் மூடியைத் திறந்தாலும் அது உடனே வெளியே வராது. மூடி திறந்ததை நம்புவதற்கே அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். என் கணவர் வாலைப் பிடித்து இழுக்கமாட்டார். உள்ளங்கையைக் குழாயின் வாயில் விரித்து வைத்துக்கொண்டு, "வா, வா, அவசரமே இல்ல" என்று காத்திருப்பார். எங்கள் ஆய்வகத்து எலிக்கூடத்தின் பராமரிப்பாளர் வேலையை விட்டுப் போனபின், ஷிஃப்ட் முடிந்து என்னை அழைத்துப்போக வருகிற இவர் இந்த வேலையையும் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியாள் உள்ளே வரலாமா என்று கேட்காதீர்கள். வரக்கூடாதுதான். ஆராய்ச்சிக்கு எனக்கு வழிகாட்டும் மேடம் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

ஓயாத மன அழுத்தம் ஆணின் விந்தணுக்களை என்ன செய்கிறது, ஓர் இலையின் சாறு அவற்றைக் காப்பாற்றுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. இலையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே யாராவது அரைத்துப் புட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்துவிடுவார்கள். எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்திருந்தேன். முதல் கூட்டத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை, ராஜ வாழ்க்கை. மற்ற இரண்டும் தினமும் காலையில், திரும்பக்கூட இடமில்லாத பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைபடும். மதியம் வெளியே வந்ததும் ஒரு கூட்டத்துக்கு இலைச்சாறு, இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். ஆபத்து தீரவே போவதில்லை என்று உடம்பு முடிவுகட்டிவிட்டால், பிள்ளை பெறும் வேலையைத் தள்ளிப்போட்டுவிடும். தண்ணீர்க் கூட்டத்தில் விந்தணுக்கள் குறைய வேண்டும், இலைக் கூட்டத்தில் குறையக் கூடாது. அப்படி வந்தால் பட்டம் கைக்கு வந்த மாதிரிதான்.

இது வெறும் படிப்பு என்று நான் சொன்னால் என்னை நானே ஏமாற்றிக்கொள்வதாகும். எங்களுக்குக் குழந்தை இல்லை. பரிசோதனையில் இவருடைய எண்ணிக்கைதான் மிகக் குறைவாக இருந்தது. காரணம் தேடிய டாக்டர் வேலையைப் பற்றி விசாரித்தபோது, "உக்காந்து பாக்குற வேலைதான் டாக்டர்" என்றார் இவர். பொய்யில்லை. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை. அப்பா மூச்சுவிடவில்லை என்று அலறும் பிள்ளைகளிடமும், நெருப்புக்குள் இருப்பவர்களிடமும் வண்டி போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இவர் குரல் ஏறி நான் கேட்டதே இல்லை. போனிலேயே பிரசவம் பார்த்திருக்கிறார். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒரு பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போட்டுக் குடிப்பார்.

அத்தை போனில் "விசேஷம் ஏதாவது உண்டாம்மா?" என்று என்னைக் கேட்டபோது, போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "குறை எங்கிட்டதாம்மா. இனிமே அவளைக் கேக்காதே" என்றார். மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். எத்தனை ஆம்பளைகளால் முடியும் இது? எனக்கு அன்றைக்கு மனுஷனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. எதற்கு வம்பு என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

"டாக்டரம்மா, அந்த இலைச்சாறுல எனக்கும் ஒரு மூடி குடேன்" என்று ஒருநாள் கேட்டார்.

"இது மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்ததில்லைங்க. நீங்க என்ன எலியா?"

"பின்ன இல்லையா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த இலையின் மேல் நான் வைத்திருந்த நம்பிக்கை பட்டத்துக்காக மட்டும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

எலிகளை இரண்டு தொகுதிகளாக எடுத்திருந்தேன். முதல் தொகுதியின் காலம் முடிந்து, அவற்றை அறுத்து, விந்தணுக்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தேன். இலைக் கூட்டத்தில் எண்ணிக்கை நன்றாகவே இருந்தது. வெறும் தண்ணீர்க் கூட்டத்திலும் அதே அளவு நன்றாக இருந்தது. தண்ணீரும் இலையும் ஒன்று என்றால் இலைக்கு என்ன வேலை? கூண்டுகள் மாறிவிட்டனவா, அடையாளத்துக்கு வாலில் போட்ட மை அழிந்துவிட்டதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

விடை தானாக வந்தது. ஒரு மதியம் நான் இரண்டாம் தொகுதியின் கூண்டுகளுக்கு முன்னால் நின்றிருந்தேன். வராந்தாவில் இவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டு வந்தார். தண்ணீர்க் கூண்டிலிருந்த எலிகள் அத்தனையும் எழுந்து கம்பிக்கு வந்துவிட்டன. முன்கால்களைக் கம்பியில் ஊன்றி, கதவுப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. இலைக் கூண்டு எலிகள் பாட்டுக்குத் தீனியைக் கொறித்துக்கொண்டிருந்தன.

"இதுங்களை என்ன பண்றீங்க?" என்றேன், அவர் உள்ளே வந்ததும்.

அவர் மழுப்பவில்லை. ஒரு எலியை எடுத்து முழங்கையின் மடிப்பில் வைத்தார். அது முகத்தை உள்ளே புதைத்துக்கொண்டது. மறு கையால் முதுகை மூடிக்கொண்டு, "நான் லைன்லதான் இருக்கேன்" என்றார் அதனிடம். போனில் தவிப்பவர்களிடம் சொல்வதும் இதே குரலில்தான் இருக்கும். எலியின் விலாவில் படபடத்துக்கொண்டிருந்த மூச்சு, என் கண்முன்னே அடங்கி வந்தது.

"தினமுமா?"

"குழாயிலேர்ந்து எடுத்ததும் கொஞ்ச நேரம். ஒவ்வொண்ணா."

"அதென்ன இந்தக் கூண்டுக்கு மட்டும்?"

"அதுங்களுக்கு இலை இருக்கு. இதுங்களுக்கு யாரு இருக்கா?"

கோபம் தலைக்கேறியது. என் உழைப்பு மொத்தமும் போச்சு என்றேன். பட்டமும் போச்சு, நம்ம இலையும் போச்சு என்றேன். "கடைசியில அறுக்கப்போற எலிங்க. அதுங்களுக்குப் போய்..." என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

"தெரியும்" என்றார். "போன்ல பேசறவங்க எல்லாருமா பொழைக்கிறாங்க? அதுக்காகப் போனை வெச்சிட முடியுமா? ஆனா உன் வேலைல கை வெச்சிட்டேன். அது தப்புதான்." எலியை மெதுவாகக் கூண்டில் விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

மறுநாள் காலை மேடத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மேடத்தின் வாய்க்கு ஊரே பயப்படும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு மறுபடி துடைத்தார்.

"முதல்லேர்ந்து ஆரம்பி" என்றார். "இந்தத் தடவை நாலு கூட்டம் வை. நாலாவதுக்குக் குழாய், தண்ணி, அப்புறம் அந்த முழங்கை. இலை ஜெயிக்குதா முழங்கை ஜெயிக்குதா, பாத்துருவோம்." நான் எழுந்தபோது, "உன் வீட்டுக்காரரை முறைப்படி அனுமதி வாங்கிக்கிட்டு வரச் சொல்லு. திருட்டுத்தனமா எலி வளத்தது போதும்" என்றார்.

பட்டம் தள்ளிப்போனதற்கு நான் அழுதிருக்க வேண்டும். எனக்கோ இதை உடனே இவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் இவர் வேலை செய்யும் இடத்துக்கு நான் போனதே இல்லை. எப்போதும் அவர்தான் வருவார். அன்றைக்கு நான் போனேன்.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்காரச் சொன்னார்கள். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னத் தடுப்புகள். இவருடையது ஓரத்தில் இருந்தது. நாற்காலியைத் திருப்பக்கூட இடம் இல்லை. முதுகு தெரிந்தது. உதடு அசைவது பக்கவாட்டில் தெரிந்தது. பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஹலோ" என்று அவர் வாய் திரும்பத் திரும்பச் சொல்வது தெரிந்தது. அந்தப் பக்கம் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. அதற்குள் மேசையில் அடுத்த விளக்கு எரிந்தது. சட்டை முதுகு வேகவேகமாக ஏறி இறங்கியது. அவர் கையை நீட்டி அடுத்த போனை எடுத்தார். அப்போதும் முகத்தில் ஒரு பதற்றம் இல்லை. இந்த மனுஷனையா எண்ணிக்கை குறைவு என்று ஒரு காகிதம் சொன்னது?

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தவர் என்னைக் கண்டதும் திகைத்தார்.

"என்னாச்சு? யாருக்காவது ஏதாவதா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க. சும்மாதான் வந்தேன்."

படிக்கட்டில் உட்கார்ந்தோம். மேடம் சொன்னதைச் சொன்னேன். நாலாவது கூட்டம் என்றதும் சிரித்தார். பிறகு யோசித்தார்.

"அப்போ வெறும் தண்ணிக் கூண்டு?"

"அதுங்களைத் தொடக் கூடாது."

வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் இன்னும் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. நான் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்து, கையை மடக்கி அவர் தலையை இழுத்துக்கொண்டேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். முதலில் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தார். கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு முகத்தை என் முழங்கை மடிப்பில் புதைத்துக்கொண்டார்.

"நான் லைன்லதான் இருக்கேன்" என்றேன்.

அவர் முதுகில் மறு கையை வைத்தேன். எண்ணுவதுதான் எனக்குத் தொழில். அன்றைக்கு அவர் மூச்சை எண்ணவில்லை. காதைச் சுற்றி ஹெட்போன் அழுத்திய சிவப்பு வளையம் இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது.