பந்து எம்பினால் ஆட்டம்

அந்த வருஷம் புனே கல்லூரிகளின் கால்பந்து லீகில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் நான்காம் இடத்தில் இருந்தது கிட்டுவின் கல்லூரி. இதில் மோசடி எதுவும் இல்லை, கணக்கு மட்டும்தான். கணக்கைப் போட்டவன் கிட்டு.

புள்ளியியல் இரண்டாம் வருஷம் படிக்கும் கிட்டுவுக்குப் பந்தை உதைக்க வராது. பந்துதான் அவனை இரண்டு மூன்று முறை உதைத்திருக்கிறது. ஆனால் பந்தைப் பற்றி யோசிக்க வரும். சப்பை அணியை ஏழு கோலில் சாய்ப்பது பெரிய காரியமா, பலசாலியிடம் ஒரே கோலில் தோற்பது பெரிய காரியமா என்று யோசித்து, எதிராளியின் பலத்தை வைத்து மார்க் போடும் சூத்திரம் ஒன்றை எழுதினான். பலசாலியோடு மோதினால் தோற்றாலும் மார்க் ஏறும். நோஞ்சானோடு மோதினால் ஜெயித்தாலும் இறங்கும். லீக் கமிட்டித் தலைவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதில் பர்சென்டேஜ் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டார். முதல் நான்கு அணிகளுக்குக் கோவாவில் போட்டி. கமிட்டிக்கு ஸ்கோர் எழுதும் கிட்டுவுக்கும் சேர்த்து ரயில் டிக்கெட்.

அட்டவணை கிட்டுவின் கல்லூரிக்கு வாகாக அமைந்தது. நகரத்துப் பெரிய அணிகளெல்லாம் முறை வைத்துக்கொண்டு வந்து ஆளுக்கு ஒரு கோல் போட்டுவிட்டுப் போயின. தோற்கத் தோற்க அணி மேலே போனது. பையன்களுக்கு முதலில் குழப்பம், பிறகு பழகிவிட்டது. தோற்றவுடன் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள்.

பழகாதவன் கேப்டன் கிரேக் ஒருத்தன்தான். புனே கேம்ப் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பத்துப் பையன், கடைசி வருஷம். மூன்று வருஷமாக ஆடுகிறான், ஜெயித்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது. மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். எதிரே தொழிற்பேட்டைப் பக்கம் போசரியிலிருந்து வரும் ஒரு கல்லூரி. பட்டியலில் கடைசி, லீகில் இதுவரை ஒரு கோல்கூடப் போடாத அணி. அவர்களோடு மைதானத்தில் இறங்கினாலே கோவா போய்விடும் என்று சூத்திரம் சொன்னது. ஆட்டம் ரத்தானால் மட்டும் தப்பிக்கலாம்.

அதனால் கிட்டு மழைக்கு ஆசைப்பட்டான். மழையும் வந்தது.

அது பெய்த மாதிரியே இல்லை. மேகம் குன்றிலிருந்து இறங்கி வந்து மைதானத்தில் படுத்துக்கொண்டது. ஒரு கோல்போஸ்ட் தெரிந்தது, இன்னொன்று இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான். நடுவட்டத்தில் தண்ணீர் தேங்கி, அதில் ஒரு நாய் தன் முகத்தைத் தானே அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது. வார்ம்-அப் ஓடியவர்கள் வெள்ளைக்குள் போய், ரொம்ப நேரம் கழித்து வேறு யாரோ போலத் திரும்பி வந்தார்கள்.

ரெஃப்ரி இர்பான் குடையோடு வந்தார். தோள் உயரத்திலிருந்து பந்தைப் போட வேண்டும். முழங்கால் வரை எம்பினால் ஆட்டம், இல்லையென்றால் வீட்டுக்கு. "கணக்குக்காரரே, நீங்க கமிட்டி ஆள், ரெண்டு பேருக்கும் பொது. நீங்களே ஒரு இடம் பாத்துப் போடுங்க" என்று இந்தியில் சொல்லிப் பந்தைக் கொடுத்தார்.

பொதுவானவன் நேராக நடுவட்டத்துக்குப் போய்ப் போட்டான். பந்து பொத்தென்று விழுந்து, மெதுவாகச் சுற்றி, மிதந்தது. நாய் நகர்ந்து இடம் விட்டது.

"அரை மணி பார்ப்போம்" என்றார் இர்பான்.

கிரேக் பக்கத்தில் வந்து நின்றான். மற்றவர்களுக்குப் புரியக்கூடாததை அவர்கள் தமிழில் பேசிக்கொள்வது வழக்கம்.

"வேணும்னே அங்க போட்ட."

"காஞ்ச இடத்துல போட்டா கோவா போச்சுடா. ஆடினா ஒன்பதாவது இடம். பத்து கோல் போட்டாலும் ஒன்பதுதான், பாத்துட்டேன்."

"தோத்தா?"

"பதினொண்ணு."

"ஜெயிச்சா ஒன்பது, ஆடாம இருந்தா நாலு."

"அதான்."

"ரொம்ப நல்லாப் படிக்கிறடா நீ."

"கிரேக், கோவால சமுத்திரம்டா. நான் பாத்ததெல்லாம் சென்னைல அத்தை கார் ஜன்னல் வழியா."

"எனக்கு ஒரு மேட்ச் வேணும். யார்கூடன்னாலும் சரி."

"அப்போ எங்ககூட ஆடுனாலே நாறிருமோ?" என்று பின்னால் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

போசரி அணியின் கேப்டன் அருண்ராஜ். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து போசரிப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். கிட்டு சட்டென்று இந்தியில் மன்னிப்புக் கேட்டான், இனிமேல் ரகசியமெல்லாம் அதில்தான் என்பது போல.

"அத விடுங்க. ஆடுனா எங்களுக்கு ஏதாச்சும் ஏறுமா?"

கிட்டு கண்ணை மூடிக் கணக்குப் போட்டான். "எங்ககிட்ட ஒரு கோல்ல தோத்தா ஆறாவது இடம்."

"தோத்தாலா?"

"தோத்தா."

"ஜெயிச்சா?"

"அஞ்சு."

அருண்ராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "தண்ணி தள்ளுற வைப்பர் எங்க கிடக்கு?" என்றான்.

கிட்டுவின் அணி டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே போனில் கோவா பார்த்துக்கொண்டிருந்தது. நீளக் கம்பு வைத்த இரண்டு வைப்பர்களோடு இரண்டு கேப்டன்கள் மட்டும் மேகத்துக்குள் தண்ணீர் தள்ளினார்கள். தள்ளிய தண்ணீர் பாதி திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வானத்தைக் கூட்டிப் பெருக்குவது போல இருந்தது. சர், சர் என்ற அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. கிட்டுவுக்கு அது அலைச் சத்தமாகக் கேட்டது. நின்றபடியே தூங்கிவிட்டோமோ என்றுகூட நினைத்தான்.

"கணக்குக்காரரே" என்றார் இர்பான்.

பந்து மறுபடி கைக்கு வந்தது. நடுவட்டத்தில் இன்னும் ஒரு குளம் பாக்கி இருந்தது. அதன் பக்கத்தில், கிரேக் தள்ளித் தள்ளி எடுத்த ஒரு பாய் அகலத் தரை. கிரேக் வைப்பரை ஊன்றி நின்றான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். வாயிலிருந்து புகை வந்தது.

கிட்டு குளத்தைப் பார்த்தான். ரயில், மணல், உப்புக்காற்று எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தன. பிறகு நாலு எட்டு தள்ளிப் போய் அந்தப் பாய் அகலத் தரையில் போட்டான்.

பந்து மனசில்லாமல் முழங்கால் வரை எம்பியது.

தார்ப்பாய்க்குக் கீழிருந்து யாரோ மராட்டியில் கிட்டுவின் பரம்பரையை விசாரித்தார்கள்.

ஆட்டத்தை யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. விசில் பக்கத்துப் பேட்டையில் ஊதுவது போலக் கேட்டது. பந்து கொஞ்ச நேரம் தெரியும், பிறகு தெரியாது. அதைத் துரத்திக்கொண்டு கால்கள் மட்டும் போகும். கடைசியில் தெரியாத கோல்போஸ்ட் பக்கம் சளப்பென்று ஒரு பெரிய சத்தம், அப்புறம் அமைதி. கிட்டு பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கிரேக் வெள்ளைக்குள்ளிருந்து நடந்து வந்தான். ஓடவில்லை. முகமெல்லாம் சேறு, அதில் பல் மட்டும் தெரிந்தது. கிட்டு ஒன்று என்று எழுதினான். அதற்கு மேல் எழுத எதுவும் நடக்கவில்லை.

கிட்டுவின் அணி பஸ்ஸில் உம்மென்று உட்கார்ந்திருந்தது. ஆறாம் இடத்தைப் பிடித்த போசரி அணிதான் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. அருண்ராஜைத் தோளில் தூக்கியிருந்தார்கள்.

கிரேக் கிட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டான்.

"மம்மி, ஜெயிச்சுட்டோம்."

போனில் மேவிஸ் ஆன்ட்டியின் குரல் கிட்டுவுக்கும் கேட்டது. "நிஜமாவாடா? எத்தன கோல்?"

"ஒண்ணு. நான்தான் போட்டேன்."

"இரு இரு, டாடிகிட்ட சொல்றேன்" என்றாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம், யாரோ டிவியை நிறுத்தும் சத்தம். யாரை ஜெயித்தாய் என்று அவள் கேட்பாள் என்று கிட்டு காத்திருந்தான். பஸ் கிளம்பி, கேம்ப் வரைக்கும் போயிற்று. அவள் கேட்கவில்லை.