பின்னால் கூப்பிடக் கூடாது

ஐந்து மணிக்கு மணிக்கூடு அடிக்கும். அவள் எழும்பிக் குசினி லைற்றைப் போடுவாள். கேத்திலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் எழும்புவேன். முகம் கழுவி, இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு மேசைக்கு வருவேன். தேத்தண்ணீர் இருக்கும். பாணும் முதல்நாள் மீன்குழம்பும் இருக்கும். யன்னலுக்கு வெளியே இருட்டு. அந்தப் பனிமாரியில் பகலிலும் இருட்டுத்தான். அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடி மேசை மூலையில் வைப்பாள். நான் சப்பாத்துக் கட்டுவேன். ஆறு மணிக்கு நான் போய்விடுவேன். மீன் தொழிற்சாலையில் வள்ளங்களிலிருந்து மீன் இறக்குகிற வேலை எனக்கு. அவளுக்கு வெட்டுமேசையில் வேலை. அது ஏழு மணிக்குத்தான் தொடங்கும்.

இதை நான் மாமிக்குச் சொன்னேன். “விடியத் தொடங்கிச் சொல்லுங்கோ தம்பி” என்று அவ கேட்டிருந்தா. சிலாவத்தைக் கடற்கரையில், அவவின் கிடுகுக் கொட்டிலுக்கு முன்னால், கவிழ்த்து வைத்த மீன்பெட்டியில் நான் இருந்தேன். மாமி நிலத்தில் குந்தியிருந்து சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தா. 2001ஆம் ஆண்டு ஆனி மாதம். அவவின் மகள், என் மனைவி பிரியந்தினி, நோர்வேயில் இறந்து நாலு மாதம்.

“பகலும் இருட்டெண்டா பிள்ளை என்னத்தைப் பாத்துக்கொண்டிருந்தவள்?” மாமி கேட்டா.

“துறைமுகத்து விளக்குகளை. யன்னலாலை தெரியும்.”

“கடலோ?”

“ஓம் மாமி. கடல்தான்.”

“அப்ப பரவாயில்லை.”

அவளுடைய கம்பளிக் கையுறைகளைக் கொண்டுவந்திருந்தேன். வேறு என்ன கொண்டுவருவது என்று தெரியவில்லை. சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் அவற்றை உள்வெளியாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டான். விளங்கப்படுத்த முடியவில்லை. சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். மாமி கை கழுவித் துடைத்துவிட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தா.

“இதைப் போட்டுக்கொண்டே மீன் வெட்டினவள்?”

“இல்லை மாமி, அதுக்கு வேறை இறப்பர்க் கையுறை. இது தெருவிலை போறதுக்கு.”

“இந்த வெயிலுக்கு என்ரை கை அவிஞ்சு போகும்” என்று சிரித்தா. ஆனால் கழற்றவில்லை. மற்றக் கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தா.

மாமி கேட்கப்போகிற கேள்வி ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியும். வவுனியாவில், உள்ளே வருகிற பாஸுக்காகக் காத்திருந்த நாட்களில் அதற்குத்தான் பதில் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

நான் கிளிநொச்சிக் குடியேற்றத்து வயற்காரன் மகன். கம்பஸில் புவியியல் படித்தவன். துருவத்து இரவைப் பற்றிச் சோதனையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். கடற்கரை ஆட்களின் சட்டங்கள் எனக்குத் தெரியாது. அவற்றை நோர்வேக்குப் போன பிறகுதான் படித்தேன்.

முதல் மாரியில் ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தடி வளைவில் திரும்பினால் அவள் எனக்கு முன்னால் நிற்கிறாள். வீட்டுச் சட்டைக்கு மேல் குளிர்க்கோட்டு. காலில் என்னுடைய பழைய சப்பாத்து. பின்கதவால் இறங்கி, பள்ளிக்கூடப் படிகளால் ஓடி, என்னை முந்தி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டு பெட்டியை நீட்டினாள்.

“யன்னலைத் திறந்து ஒரு குரல் குடுத்திருக்கலாமே?”

“வெளிக்கிட்ட ஆளைப் பின்னாலை கூப்பிடக் கூடாது.”

“அது கடலுக்குப் போறவைக்கு. நானென்ன கடலுக்கே போறன்?”

“கடலுக்குப் போகாட்டி என்ன, மீனுக்குத்தானே போறியள்.”

அடுத்த நாள் கீழ்வீட்டு நோர்வேக்காரி என்னை மறித்து, வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று மெதுவாகக் கேட்டா. மனைவி துரத்திக்கொண்டு ஓடியதை அவ பார்த்திருக்கிறா. நான் வந்து சொன்னேன்.

“சண்டை எண்டே சொல்லிவிடுங்கோ” என்றாள் பிரியந்தினி. “எங்கடை வழக்கத்தை விளங்கப்படுத்திறதை விட அது சுகம்.”

அன்று பின்னேரம் தகப்பனின் கதையைச் சொன்னாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. வாடைக்காற்றுக் காலம். மாமா கிறிஸ்தோப்பர் விடியக் கரைக்கு வெளிக்கிட்டபோது சுருட்டை மறந்துவிட்டார். மாமி படலையில் நின்று கூப்பிட்டா. அவர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார். வள்ளம் திரும்பி வரவில்லை. அளம்பில் கரைப் பக்கம் வள்ளத்தின் இரண்டு பலகை ஒதுங்கியது. கரையில் எல்லோரும் காற்றைப் பற்றிக் கதைத்தார்கள். மாமி மட்டும் சுருட்டைப் பற்றிக் கதைத்தா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் ஒருவரைப் பின்னால் கூப்பிட்டதில்லை. மறந்தால், ஓடிப்போய் முன்னால் நின்று கொடுக்க வேண்டும்.

அப்படியே அங்கும் ஓடினாள். தொப்பிக்கு, பெட்டிக்கு, ஒருமுறை குடைக்கு. சறுக்கி விழுந்தும் இருக்கிறாள்.

இரண்டாம் மாரியில் யன்னலுக்குத் திரைச்சீலை வாங்கினாள். மூன்றாம் மாரியில், தொழிற்சாலையில் ஒதுக்கிவிடுகிற மீன்தலைகளைக் கேட்டு வாங்கிவந்து குழம்பு வைத்து, கூட வேலை செய்கிற பெண்களுக்குக் கொண்டுபோனாள். ஒருத்தி சாப்பிட்டாள். மற்றவர்கள் மீனின் கண்ணைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்கள். “ஒருத்தி காணும், மெல்ல மெல்லப் பிடிக்கலாம்” என்றாள். “வீட்டை போவம்” என்று அவள் சொன்னால் எந்த வீட்டை நினைத்துச் சொல்கிறாள் என்று முதலில் நான் யோசிப்பேன். பிறகு யோசிக்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

நாலாம் வருடம் ஐப்பசியில் நான் கதவுப் பூட்டுத் திறப்பை விட்டுவிட்டு இறங்கினேன். அவளுக்கு அன்று காய்ச்சல். ஓட முடியாது. எனக்குப் பின்னால் யன்னல் திறந்தது.

“இஞ்சேருங்கோ!”

நான் திரும்பினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.  பிறகு அவள் திறப்பை எறிந்தாள். அது பனிக்குள் புதைந்துவிட்டது. கையால் கிளறி எடுத்தேன்.

பின்னேரம் நான் வந்தபோது கதவைத் திறந்து என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தடவினாள்.

“எல்லாம் கிடக்கு” என்றேன்.

“கிடக்குத்தான்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை. கூப்பிட்டாள். அந்த மாரி முழுக்கக் கூப்பிட்டாள். கீழ்வீட்டுக்காரி கூட என்னைக் கண்டால் “இஞ்சேருங்கோ” என்று சொல்லிச் சிரிப்பா. அது என் பெயர் என்று நினைத்திருந்தா.

மாசியில் ஒருநாள் காலை, மேற்பார்வையாளர் இறக்குதுறைக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் வெட்டுமேசையடியில் விழுந்து கிடந்தாள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். அந்தப் பலவீனம் பிறவியிலேயே இருந்திருக்கலாம் என்றார். அவள் கண் திறக்கவில்லை. இரண்டாம் நாள் முடிந்துவிட்டது. அதனால், அன்று விடியச் சொன்னதுதான் அவள் எனக்குக் கடைசியாகச் சொன்னது.

மாமிக்கு இவற்றில் விழுந்ததையும் டொக்டர் சொன்னதையும் மட்டும் சொன்னேன்.

“பாதர் வந்தவரோ?”

“வந்தவர். செபம் சொல்லி அவஸ்தை எண்ணெய் பூசினவர்.”

“தமிழ்ப் பாதரோ?”

“இல்லை, வெள்ளைக்காரர். ஆனா அவளின்ரை பேரைச் சரியாச் சொன்னவர்.”

மாமி தலையாட்டினா. கையுறையைக் கழற்றி மடியில் வைத்தா. கத்தியை எடுத்து ஒரு சூடையின் தலையை வெட்டினா. அடுத்ததை எடுத்தா. வெட்டவில்லை.

“தம்பி, அண்டைக்கு விடிய அவள் உங்களைப் பின்னாலை கூப்பிட்டவளோ?”

ஓம் என்றால் சுருட்டோடு இதுவும் சேரும். சேர்ந்தால் பிறகு அந்தப் பாரம் இறங்காது.

“இல்லை மாமி” என்றேன். “அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நான் ஏதும் விட்டிட்டுப் போனா முன்னாலை ஓடி வந்து தருவாள்.”

“அந்தப் பனிக்குள்ளையோ?”

“ஓம். என்ரை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு.”

பள்ளிக்கூடத்தடி வளைவையும் கீழ்வீட்டுக்காரியையும் சொன்னேன். மாமி சிரித்தா. “அந்த மனுசி பாவம், என்ன நினைச்சுதோ” என்றா. சிரித்து முடிய, கையிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தா.

“ஒருநாளும் கூப்பிடேல்லை.”

“இல்லை மாமி.”

“அப்பிடியிருந்தும் போயிட்டாள்.”

“ஓம்.”

ஒரு காகம் மீன்குடலுக்கு வந்தது. மாமி துரத்தவில்லை.

“அண்டைக்கு வாடை சரியான கடுமை” என்றா. மாமாவைப் பற்றிச் சொல்கிறா என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “கரையிலை எல்லாரும் சொன்னவை. காத்துத்தான் எண்டு. நான்தான் கேக்கேல்லை.”

 பாரத்தைக் கூட்டாமல் விடத்தான் பொய் சொன்னேன். அது பழைய பாரத்தையும் இறக்கும் என்று நினைக்கவில்லை. மாமி மிச்சச் சூடையை வெட்டி முடித்தா. மத்தியானம் குழம்பு வைத்து, நான் போதும் போதும் என்றபோதும் ஊற்றினா.

இரண்டு நாள் கழித்து வெளிக்கிட்டேன். மாமி செபம் சொல்லி நெற்றியில் சிலுவை போட்டுவிட்டா. இரவல் சைக்கிளில் படலையைத் தாண்டினேன். மணல் ஒழுங்கை முடிகிற இடத்துக்கு வந்திருப்பேன்.

“தம்பி!”

பிறேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தேன். மாமி படலைக்கு வெளியே நின்றா. தண்ணீர்ப் போத்தலை உயர்த்திப் பிடித்திருந்தா.

“தண்ணியை விட்டிட்டுப் போறியள்! இந்த வெயிலுக்கு!”

நல்ல சத்தமாகத்தான் கூப்பிட்டா. பக்கத்துக் கொட்டிலில் இருந்து ஒரு பெண் வெளியே வந்து, மாமியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்ப் போத்தலை வாங்கினேன்.  மாமியின் முகத்தில் ஒன்றுமில்லை.

“போட்டு வாங்கோ” என்றா.

“போட்டு வாறன் மாமி.”

அந்த மாசி மாதத்து விடியலில் நான் ஒன்றையும் மறக்கவில்லை. பெட்டி கையில் இருந்தது. தொப்பி தலையில் இருந்தது. திறப்பு பொக்கற்றில் இருந்தது. தெருவிளக்கடிக்கு வந்தபோது எனக்குப் பின்னால் யன்னல் திறந்தது.

“இஞ்சேருங்கோ!”

நான் திரும்பினேன்.

“ஒண்டுமில்லை. சும்மா கூப்பிட்டனான். போங்கோ.”