சல்லடைக்குப் பின்னால் ஒட்டிய துணி

என் மருமகளின் கம்ப்யூட்டருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கியவன் நான்தான். அந்தச் சனிக்கிழமை பகல் ஒன்றரை மணி தாண்டும் வரை அது தெரிந்த ஒரே ஆளும் நான்தான். மூன்று மணிக்கு அவளுக்குப் போட்டி. அதற்குள் விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று பயந்தேன். வராமலே போய், அவள் பெயர் கெட்டுவிடுமோ என்றும் பயந்தேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகுத் துண்டை விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்து, கடைக்குச் சீல் வைத்திருக்கிறேன். 'முத்திரை' என்று எனக்குப் பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான் என்றாலும் எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. எங்கள் வீட்டைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் நான் வாழ்க்கையில் கேட்டது.

மூன்று வாரத்துக்கு முன் அந்தச் சொல் வந்தது. மருமகள் ஓர் அணியில் சேர்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டிகளில் ஆடுகிறவள். அவளுடைய கம்ப்யூட்டர் பெட்டி மேசையின் ஓரத்தில், முன்பக்கம் தெரு ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும். முன்பக்கம் முழுக்கச் சல்லடைப் பலகை. அதன் வழியாகச் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் மின்னும். என் மனைவியின் அண்ணன் வாசலில் நின்றபடியே சிரித்தார்.

"என்ன மாப்ள, ரிட்டயர் ஆனதும் மதுக்கடை திறந்துட்டீங்களா? தெருமுனையிலேருந்தே கண்ணைப் பறிக்குதே!"

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். விளக்கை அணைக்கும்படி மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். மாமனார் போய் மருமகளிடம் கெஞ்சுவதா? அவள் வெளியே போயிருந்தபோது சல்லடைப் பலகையைப் பிடித்து இழுத்தேன். 'டப்' என்று கையோடு வந்தது. தடித்த கறுப்புத் துணியை அளவெடுத்து வெட்டி, உட்புறத்தில் நல்ல பசையால் ஒட்டி, பழையபடி மாட்டிவிட்டேன். நூலிழை பிசகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சல்லடைதான். தெருவுக்கு வெளிச்சம் போகவில்லை. உள்ளே காற்றும் போகவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாம் நாளே ஆட்டத்தின் நடுவில் பெட்டி தானாக அணைந்தது. அடுத்த வாரம் இன்னொரு தடவை. இரண்டு முறையும் அவள் அணி தோற்கும் நிலையில் இருந்ததாம். தோற்கப்போவது தெரிந்ததும் சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடுகிறாள் என்று அணியில் பேச்சு. அவர்களுடைய அரட்டைக் குழுவில் அவளை 'ஓடுகாலி' என்று எழுதியிருந்ததை மகன் என்னிடம் காட்டினான். எங்கள் வீட்டுப் பெண்ணை. மூன்றாவது முறை அணைந்தால் அணியிலிருந்து நீக்கம் என்று கேப்டன் சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். சூடாவது கிராபிக்ஸ் கார்டுதான் என்று அதை மட்டும் கழற்றித் தன் கடைக்கு எடுத்துப்போனார். சூட்டைக் கடத்தும் புதுப் பேஸ்ட் வைத்து, திறந்த மேசைமேல் நான்கு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாராம், கார்டு குளிர்ச்சியாகவே இருந்ததாம். திரும்ப மாட்டும்போது என்னிடம் கேட்டார்.

"ஐயா, காத்து போற வழியில யாராவது எதையாவது வெச்சீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"எங்க வீட்டுல அப்படி யாரும் செய்ய மாட்டாங்க."

அன்றிலிருந்து தூக்கம் இல்லை. துணியைப் பிய்த்துவிடலாம் என்று இரண்டு முறை போனேன். மருமகளுக்கு வேலையும் அந்த அறையில்தான். வெள்ளிக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் பலகையின் விளிம்பில் நகத்தை வைத்தேன். கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பியைத் துடைப்பதுபோல் நின்றேன்.

"மாமா, எதாவது வேணுமா?"

"தூசி."

சூடு குறையாததால் சனிக்கிழமை மெக்கானிக் மறுபடி வந்தார். மருமகள் நாற்காலியில் உட்கார்ந்து விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள். நான் கதவருகில் நின்றேன். கார்டைச் சூடேற்றிப் பார்க்கும் சோதனையை ஓடவிட்டார். திரை மூலையில் சூட்டைக் காட்டும் எண் ஏறியது. எழுபது. எண்பத்திரண்டு. தொண்ணூறு.

"தண்ணி வெச்சா கொதிச்சிடும் போல," என்றார்.

"சிரிப்பு வரலைங்க," என்றாள் மருமகள்.

விசிறிகளைப் பார்த்தார், சுற்றின. ஊதுகுழாயால் தூசியை ஊதினார், தூசியே இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவைக் கழற்றினார். எண் இறங்கத் தொடங்கியது. எழுபத்தொன்றில் நின்றது. கதவை மாட்டினார். தொண்ணூறு.

"காத்து உள்ள வரலை," என்றார்.

அவர் மேசைமேல் எட்டி, ஜன்னலுக்கும் பெட்டிக்கும் இடையே டார்ச் அடித்துப் பார்த்தார். என் கண்ணுக்கு அந்த டார்ச் வெளிச்சத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

"சல்லடை சுத்தமாத்தான் இருக்கு."

என் கைவேலை அவ்வளவு சுத்தம். மெழுகு ஒட்டிய கடைக்காரர்களில் ஒருவன்கூட என் கண்ணை இப்படி ஏமாற்றியதில்லை.

மணி ஒன்றரை. மெக்கானிக் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போதைக்கு இந்தக் கதவைத் திறந்தே வெச்சு ஆடுங்கம்மா. அணையாது."

தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"இன்னிக்கு அணையாது. நடந்த ரெண்டு தடவைக்கு என்ன பதில் சொல்றது?" என்றாள் மருமகள். "கார்டு கடையில நல்லா ஓடுச்சுன்னு உங்க ரசீதுலயே இருக்கு, அதைக் கேப்டனும் பாத்துட்டான். அப்போ நானேதான் அணைச்சேன்னு ஆகுதுல்ல? அதை வெச்சே மூணு மணிக்கு முன்னாடி என்னைத் தூக்கப் பாக்கறாங்க."

அவள் குரல் உடைந்தது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. மெக்கானிக் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணு பண்றேன். நான்தான் பேஸ்ட்டைத் தப்பா வெச்சேன், முன்னாடி சர்வீஸ் பண்ணதும் நான்தான்னு கடைப் பேரு போட்ட தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். என் பேரு போனா போகுது, ரெண்டு வாடிக்கை குறையும். உங்க பேரு நிக்கட்டும்."

பையிலிருந்து கடைத்தாளை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

பொய்ச் சான்றிதழ். என் வீட்டில், என் கண் முன்னால், என் குற்றத்துக்காக. ஒரு வரி எழுதிவிட்டார். இன்னும் கையெழுத்துதான் பாக்கி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுதாதீங்க," என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். நடந்து போய்ப் பெட்டியைத் திருப்பி, சல்லடைப் பலகையை இழுத்தேன். 'டப்'. துணியோடு அவளிடம் நீட்டினேன்.

அவள் விரலால் பசையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்போ ஒட்டுனீங்க?"

"மூணு வாரமாச்சும்மா."

"செவ்வாய்க்கிழமை இவர் கேட்டப்போ தெரியுமா?"

"தெரியும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரும்பி இரண்டு மூன்று விசைகளைத் தட்டினாள். பிறகு தலையில் மாட்டும் ஒலிவாங்கியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"கேப்டன் லைன்ல இருக்கான். நீங்களே சொல்லுங்க மாமா."

சொன்னேன். அறுபத்தெட்டு வயதில், முகம் தெரியாத ஒருவனிடம். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"யாரு தாத்தா நீங்க? எவ்வளவு நேரம் ஒத்திகை பார்த்தீங்க?"

என் சொல்லை யாரும் அப்படித் தூக்கிப் போட்டதில்லை. கோபம் வரவேண்டும், பயம்தான் வந்தது. இவன் நம்பாவிட்டால் நான் வாய் திறந்ததற்கே அர்த்தமில்லை.

"கேமராவைப் போடும்மா," என்றேன்.

"மாமா, அது நேரலையில போகும். இப்போ பாக்கறவங்க நானூறு பேருக்கு மேல இருப்பாங்க."

"போடு."

திரையில் என் முகம் வந்தது. சட்டை மேல் பொத்தான் திறந்திருந்தது, போட்டுக்கொள்ள நேரமில்லை. பலகையைத் தூக்கிக் காட்டி, எங்கள் வீட்டு ஜன்னல் மதுக்கடைபோல் இருப்பதாக ஒருவர் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மெக்கானிக் பெட்டியை மூடிச் சோதனையை ஓட்டினார். பலகை இல்லாமல் எழுபத்திரண்டு. பலகையோடு தொண்ணூறைத் தாண்டியது. எண்ணைக் கேமராவுக்குக் காட்டினோம். சிரிப்பு நின்றிருந்தது.

"சரி, ஆடட்டும்," என்றான் கேப்டன். "ஆனா இன்னிக்கு அணைஞ்சா, அப்புறம் பேச்சே கிடையாது."

மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. விளையாட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது மூலையில் இருந்த எண்ணை மட்டும். எழுபத்தைந்துக்குப் போனது. எழுபத்தாறு. திரும்ப எழுபத்துநான்கு. ஜன்னல் சட்டத்தில் சிவப்பும் நீலமும் ஏறி இறங்கின, தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஆனால் திரைச்சீலையை இழுக்கவும் கை போகவில்லை.

நாற்பது நிமிடம். பெட்டி அணையவில்லை. அணி தோற்றது. கடைசி நொடிவரை ஆடித் தோற்றது.

மருமகள் ஒலிவாங்கியைக் கழற்றினாள். மெக்கானிக் எழுதிய தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்தாள். என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"அடுத்த சனிக்கிழமையும் ஆட வரச் சொல்லிட்டான் கேப்டன், மாமா. இனிமே என் பெட்டியைத் தொடணும்னா, முதல்ல என்னைக் கேளுங்க."

"கேக்கறேம்மா," என்றேன்.