பல் போன கட்டர்

பொறாமைப்படுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். நடக்கிற, சிரிக்கிற, தலை சீவுகிற ஆள். கிட்டாருக்குள் கிடக்கும் விரல் நீளச் சமாசாரத்தைப் பார்த்து வயிறு எரிகிறவளை என்ன சொல்வது? செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த அவளுக்கு அப்படித்தான் வந்து வாய்த்தது.

அந்தச் சமாசாரத்துக்குப் பெயர் பிக்கப். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். உள்ளே காந்தம்; அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே கம்பி அதிர்ந்தால் இது அந்த அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்பும். பிக்கப்பை மாற்றினால் கிட்டாரின் குரலே மாறிவிடும். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தன் புருஷனின் கிட்டாரில் இருந்ததை யார் சுற்றினார்கள் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

அதையும் டிரம்ஸ்காரர் தெரியப்படுத்தினார். புருஷனோடு கச்சேரிகளில் வாசிக்கிற பழைய கூட்டாளி. நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் வாய்க்கு மூடி கிடையாது. ஒருநாள் சாப்பிட வந்தவர் சாப்பாட்டோடு நிறுத்தவில்லை.

"அண்ணி, அண்ணன் கிட்டார் சத்தம் மாதிரி வேற எங்கயும் கேக்க முடியாது. அது கடையில வாங்கினது இல்ல. எங்ககூட பேஸ் கிட்டார் வாசிச்சாளே ஒரு பொண்ணு, அவ கையால சுத்தினது. தையல் மெஷின் மோட்டாரை வச்சு இவருக்காகவே உக்காந்து சுத்தினா."

புருஷன் மேஜைக்கு அடியில் டிரம்ஸ்காரரை உதைத்தான். உதை அவள் காலில் பட்டது.

அவ்வளவுதான். அந்த பேஸ்காரி கல்யாணமாகி, எங்கோ கண்காணாத தூரத்தில், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். ஒரு போட்டோகூட வீட்டில் இல்லை. புருஷன் அவளைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. இதெல்லாம் நியாயம்தான். ஆனால் "இவருக்காகவே" என்ற ஒரு சொல் காதில் புகுந்துகொண்டால் நியாயம் எங்கே உள்ளே வரும்? அதுவரை கிட்டார் சத்தம் என்று கேட்டுக்கொண்டிருந்தது, அன்றிலிருந்து இன்னொருத்தி தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுவதாகக் கேட்டது. அதுவும் குழைந்து குழைந்து.

அவன் கிட்டாரை எடுத்தால் இவள் சமையலறையில் பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். அவன் சத்தத்தைக் குறைப்பான். இவள் குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பான். பிறகு அதுவும் குறைந்தது. அவன் வேலை டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பழகுகிறவர் கண்டபடி ஓட்டினாலும் பக்கத்து சீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்து, வேறு வழியே இல்லாதபோது மட்டும் தன் பக்கத்து பிரேக்கை மிதிக்கிற ஆசாமி. வீட்டிலும் அதே பொறுமைதான். அந்தப் பொறுமையைப் பார்த்தாலே அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அப்படியிருக்க, ஒருநாள் அவனே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவள் கடைக்கு வந்தான்.

"சத்தம் வரல. கொஞ்சம் பாத்துத் தர்றியா?"

பாலைக் கண்ட பூனைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, கம்பிகளைத் தளர்த்தி, திருகுகளைக் கழற்றி, பிக்கப்பைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் சுற்றியிருந்த டேப்பைக் கொஞ்சம் விலக்கியதும் விஷயம் தெரிந்துவிட்டது. சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து வெளியே வருகிற ஒயர் ஒன்று, சுருளுக்குப் பக்கத்திலேயே விட்டுப்போயிருந்தது. ஒரு சொட்டு ஈயம் வைத்துப் பற்றவைத்தால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

டேப்பை இருந்தபடியே மூடினாள்.

"இது செத்துப்போச்சு. உள்ள சுத்தினதே அறுந்திருக்கு. ஒண்ணும் பண்ண முடியாது."

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்படியா," என்றான். பிறகு, "சரி, புதுசு போட்டுடு," என்றான்.

ஒரு பாட்டம் புலம்புவான், இவள் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று தயாராக இருந்தாள். அதற்கு இடமே வைக்கவில்லை.

புது பிக்கப்பை வரவழைத்து அவளே போட்டாள். ஒயரை அளவாக வெட்டக் கட்டரை எடுத்தபோது வழக்கம்போல எரிச்சல் வந்தது. செல்போன் ஒயர் வெட்டுகிற அந்தப் பூப்போன்ற கட்டரை எடுத்து, போன வருஷம் அவன் எஃகுக் கிட்டார் கம்பியை வெட்டித் தொலைத்திருந்தான். கட்டரின் வாயில் ஒரு பல் பெயர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த ஒயரை வெட்டினாலும் ஓர் இழை மட்டும் அறுபடாமல் தங்கும். அதை இழுத்துப் பிய்க்க வேண்டும். புதுசு வாங்க முடியாமல் இல்லை. அவனுக்குச் சொல்லிக்காட்ட ஒன்று இருக்கட்டும் என்றே வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டர் பக்கம் அவன் வரவே கூடாது என்பது சட்டம்.

பற்றவைத்து முடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் பிக்கப்பைத் தட்டினாள். டொக் என்று பதில் வந்தது. அவன் வாசித்துப் பார்த்தான். கழுவிவிட்ட கண்ணாடி போலச் சுத்தமான சத்தம்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான்.

அன்று அவள் வாய்க்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கடையைப் பூட்டினாள். ஒருத்தியை வீட்டை விட்டுத் துரத்திய நிம்மதி.

அந்த நிம்மதியையும் டிரம்ஸ்காரர்தான் வந்து கெடுத்தார்.

"அண்ணி, அண்ணன் கிட்டாருக்கு என்ன பண்ணீங்க? ஊர்ல இருக்கிற எல்லாக் கிட்டார் மாதிரியும்தான் இதுவும் கேக்குது. அதைக்கூட விடுங்க. பாட்டுக்கு நடுவுல அவர் தனியா வாசிக்கிற இடத்தையெல்லாம் கீபோர்டுக்காரன்கிட்ட கொடுத்துட்டார். கேட்டா, விரல் வரமாட்டேங்குதுங்கறார். இந்தக் கச்சேரியோட விட்டுடப் போறாராம்."

அவர் போன பிறகு அவளுக்குக் கையில் வேலை ஓடவில்லை. இரக்கத்தில் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் கிட்டாரையே விடுகிற அளவுக்கு அந்தச் சுருளில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற ஆத்திரம். கழிசல் டப்பாவில் கிடந்த பழைய பிக்கப்பைத் தேடி எடுத்து, டேப்பை முழுசாக உரித்து, லென்ஸ் விளக்குக்கு அடியில் வைத்தாள். சுற்று ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். இதற்கா இந்தப் பாடு என்று மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அப்படியே விட்டுப்போன ஒயரின் முனையைத் திருப்பினாள்.

நைந்து அறுந்த ஒயர் தும்பு தும்பாகப் பிரிந்திருக்கும். இது சமமாக வெட்டுப்பட்டிருந்தது. ஓர் இழை மட்டும் நீளமாக, இழுத்துப் பிய்த்த மாதிரி நின்றது.

அவள் கட்டரை எடுத்துப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவன் கூடத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். பிக்கப்பை அவன் முன்னால் வைத்தாள்.

"என் கட்டரைத் தொட்டீங்களா?"

அவன் ஒயர் முனையைப் பார்த்தான். "தொட்டேன்."

"வேண்டாம்னா கழட்டி எறிய வேண்டியதுதானே? எதுக்கு வெட்டி எடுத்துட்டு வந்து என்கிட்ட நாடகம்?"

"வேண்டாம்னு யார் சொன்னா?" ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தான். "நீ ஒட்டித் தருவேன்னு நெனச்சேன். உன் கையால ஒரு தடவை பத்த வச்சுட்டா அது உன் வேலை ஆயிடும். அப்புறம் நான் வாசிச்சா உனக்குப் பாத்திரத்தை உடைக்கத் தோணாதுன்னு நெனச்சேன்."



"அப்ப, செத்துப்போச்சுன்னு நான் சொன்னப்ப..."

"எங்க வெட்டினேன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொன்னதா ஆயிடுமே," என்றான்.

அவன் கோபித்திருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி. இப்போதோ, அவமானம் காது வரைக்கும் சுட்டது. அந்தச் சூட்டிலும் பாழாய்ப்போன மனசு, அந்தச் சத்தத்தை விட முடியாமல்தானே இவ்வளவு யோசித்திருக்கிறான் என்று ஓர் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

கிட்டாரை எடுத்து வந்தாள். புதுசைக் கழற்றினாள். பழைய ஒயரின் முனையைச் சீவி, ஈயம் வைத்து, புகையை ஊதிவிட்டு, இழுத்துப் பார்த்தாள். நன்றாகப் பிடித்திருந்தது. வேலை சுத்தமாக வந்தது. டேப்பைச் சுற்றி, திருகுகளை முடுக்கி, அவன் மடியில் வைத்தாள்.

"வாசிங்க."

அவன் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்துவிட்டு வாசித்தான். அதே குழைவு, அதே குரல். அவள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒட்டினது நான்தான். ஆனா இப்பவும் வயிறு எரியுது," என்றாள்.

அவன் கை சட்டென்று நின்றது.

"எரியுதுன்னுதான் சொன்னேன்," என்றாள் அவள். "நிறுத்தச் சொல்லல."