ஃப்ரிட்ஜ் மேல் ஒரு நாவல்

பதினெட்டு நாளாக அத்தை எதுவும் படிக்கவில்லை. அவர் படிப்பதே யாருக்கும் தெரியாது. படிக்காததை மட்டும் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும்போதெல்லாம் இதே நினைப்புதான்.

கல்யாணமாகி நான் வந்த புதிதில், "கதைப் புத்தகத்துல மூக்க நுழைச்சுக்கிட்டிருந்தா சோறு தானா வெந்துடுமா?" என்று கேட்டவர் இதே அத்தை, என் மாமியார். கேட்டதை இனி எப்படித் திரும்ப வாங்குவது? அதனால் நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு, ஃப்ரிட்ஜ் மேல் விட்டுப்போகும் நாவலை எடுத்துப் படிப்பார். நிறுத்திய பக்கத்தில் தையல் நூல் ஒன்று கிடக்கும். ஆறு வருடத்தில் அந்த நூலை நான் அசைத்ததில்லை. நான் அடையாளத்துக்கு வைக்கும் பஸ் டிக்கெட்டை அவரும் அசைத்ததில்லை. எங்களுக்குள் பேச்சு என்றால் பால் வந்ததா, உப்பு இருக்கிறதா, அவ்வளவுதான். ஆனால் ஒரு நாவலில் தங்கை சாகும் இடத்தில் என் டிக்கெட் இருந்த அன்று, மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்காமலே காபி கொடுத்தார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பதினெட்டு நாளுக்கு முன், என் பிறந்தநாளுக்குக் கணவர் மின்நூல் கருவி வாங்கித் தந்தார். எழுத்தைப் பெரிதாக்கலாம், முந்நூறு புத்தகம் கைப்பைக்குள் அடங்கும். பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. நாவலுக்குப் பதிலாக அதையே ஃப்ரிட்ஜ் மேல் வைத்துப் பார்த்தேன். அத்தை அதைத் தொடாமல், சுற்றிலும் துடைத்துவிட்டுப் போனார். 'நீங்களும் படிங்கத்தை' என்று வாய்வரை வந்தது. சொல்லிவிட்டால், இத்தனை நாளும் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அவர் எப்படித் தாங்குவார்?

ஞாயிறு காலை கணவர் ஓர் அட்டைப்பெட்டியோடு புத்தக அலமாரி முன் நின்றார்.

"எல்லாம் அந்தக் கருவியிலயே கிடைக்குதுல்ல? பழைய பேப்பர்காரர் பத்து மணிக்கு வர்றார். இந்த இடத்துல துணி பீரோ போட்டுடலாம்."

பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த அத்தையின் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"அம்மா, உனக்கும் நிம்மதிதானே? தூசி தட்டற வேலை மிச்சம்!"

"எனக்கென்னடா வந்துச்சு? நானா படிக்கப்போறேன்?" என்றார் அத்தை உள்ளிருந்து. குரலில் வழக்கமான காரம் இல்லை.

"பாத்தியா, எதிர்க்கட்சியே ஆதரவு குடுத்தாச்சு. பெட்டியப் பிடி."

நான் பிடிக்கவில்லை.

"வேணாங்க."

"ஏன்? கண்ணுக்கு இதமா இருக்குன்னு நீதானே சொன்ன?"

"இதமாத்தான் இருக்கு. பஸ்ஸுல படிச்சுக்கறேன்."

"அப்புறம் இதெல்லாம் யாருக்கு? காரணத்தச் சொல்லேன்."

அவர் கையிலிருந்த நாவலை வாங்கி அடுக்கில் செருகினேன்.

"காரணமெல்லாம் ஒண்ணுமில்லங்க. இருக்கட்டும்."